டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுத எந்தக் கருவியை எடுப்பது? கோத்தகிரியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் உட்கார்ந்து, பச்சைத் தேயிலை வாங்கும் இடங்களுக்கும் கேரட் மண்டிகளுக்கும் சின்ன லாட்ஜ்களுக்கும் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊட்டி, குன்னூர், மஞ்சூர் பக்கமிருந்து படித்து முடித்த பிள்ளைகள் போன் செய்து திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ், பட்டியல் என்று திரை வைத்து, கணினியிலேயே ஓடும் புரோகிராம்களைப் பற்றித்தான் பேச்சு. கருவி என்று நான் சொல்வது அந்தத் திரையைக் கட்ட உதவும் சாஃப்ட்வேரைத்தான். வெப்சைட், மொபைல் ஆப் இதில் இல்லை.

எல்லாமே பிரவுசரில் ஓடும் காலத்தில் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எதற்கு?

ஜூன், ஜூலையில் ஒரு வாரம் இங்கே வந்து இருந்து பாருங்கள். காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும், சில நாள் கரண்ட் வந்த பிறகும் நெட் வராது. அந்த நேரத்திலும் சாயங்காலம் இலை வந்துகொண்டேதான் இருக்கும். ஈர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் விவசாயியிடம் "சர்வர் கிடைக்கவில்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்ல முடியாது, பறித்த இலை நாளை வரை காத்திருக்காது. அப்புறம் தராசு, பில் பிரின்டர் எல்லாம் அந்தக் கணினியிலேயே கேபிளில் மாட்டியிருக்கின்றன, அவற்றோடு நேரடியாகப் பேசும் புரோகிராம் அதே கணினியில் இருப்பதுதான் எளிது. நெட் வந்ததும் கணக்கை மேலே அனுப்பிக்கொள்ளலாம், அது இரண்டாவது வேலை.

முதலில் மொழியைத் தேர்ந்தெடுப்பதா, கருவியைத் தேர்ந்தெடுப்பதா?

இரண்டும் இல்லை. சாஃப்ட்வேர் ஓடப்போகும் மேசைக்குப் போய் அரை நாள் உட்காருங்கள். நான் எந்த வேலையையும் இப்படித்தான் தொடங்குகிறேன், இந்தப் பக்கத்தில் மற்ற எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

அங்கே என்ன பார்ப்பது? கணினியில் ரேம் எவ்வளவு, விண்டோஸ் எந்தப் பதிப்பு, அது 32 பிட்டா 64 பிட்டா, திரை 1366க்கு 768ஆ அதைவிடச் சின்னதா, பிரின்டர் எந்த வகை. அதோடு யார் டைப் செய்கிறார்கள் என்பது. கொடநாடு போகும் வழியில் ஓர் இலை வாங்கும் கொட்டகையில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய வலது கை நம்பர் பேடிலிருந்து நகரவே நகராது, இடது கை சீட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும், மவுஸ் மானிட்டருக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். டிசம்பர் பனியில் விரல் விறைத்த நிலையில் மவுஸைப் பிடித்துச் சின்னப் பட்டனைக் குறி பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று அவர் சொன்ன பிறகுதான், எண்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், கடைசிக் கட்டத்தில் எண்டர் தட்டினால் பில் அடிக்க வேண்டும் என்று திரையை மாற்றி எழுதினேன். ஒரு மூட்டைக்கு ஆறேழு விநாடி மிச்சம். நூறு மூட்டை வரும் நாளில் அது பத்து நிமிடத்துக்கு மேல், வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்து.

அந்த மேசையில் எழுதி எடுத்துக்கொண்டு வரும் குறிப்புதான் கருவியைத் தீர்மானிக்கும். 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7 என்று குறிப்பில் இருந்தால் பாதிக் கருவிகள் அங்கேயே கழிந்துவிடும்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை எடுப்பது?

விண்டோஸ் மட்டும்தான், ஒரே அலுவலகத்துக்குத்தான் என்றால் சி ஷார்ப் மொழி, அதில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற திரைக் கருவி. லினக்ஸிலும் ஓட வேண்டும், உங்களுக்குப் பைதான் தெரியும் என்றால் பைசைடு, அதாவது கியூட் என்ற திரைக் கருவியைப் பைதானிலிருந்து பயன்படுத்தும் வழி. மிகப் பழைய கணினி, நெட் கிடையாது, ஒரே கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய் வைத்தால் ஓட வேண்டும் என்றால் லாசரஸ். என் வேலையில் பெரும்பகுதியை இந்த மூன்றும் முடித்துக் கொடுத்துவிடுகின்றன.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விண்டோஸ் ஃபார்ம்ஸ் 2002இல், சி ஷார்ப் புரோகிராம்களை ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தின் முதல் பதிப்போடு வந்தது. பழசுதான், ஆனால் இன்றும் மைக்ரோசாஃப்ட் அதைப் பராமரிக்கிறது, 2018இல் மூலக்கோடையும் திறந்து வைத்தது. என் சிபாரிசு, கணினிகள் பழசாக இருந்தால் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8ஐக் குறிவைத்து எழுதுங்கள். விண்டோஸ் 11இல் அது ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும் இருக்கிறது, சர்வீஸ் பேக் 1 போட்ட விண்டோஸ் 7இலும் அதை நிறுவிக்கொள்ளலாம். நீங்கள் கொடுக்கும் எக்ஸி கோப்பு சில நூறு கேபிதான் வரும். புதிய டாட்நெட் பதிப்புகள் வேகமானவை, நல்லவை, ஆனால் அவற்றை எதிரில் இருக்கும் கணினியில் தனியாக நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கூடவே கட்டிக் கொடுக்க வேண்டும், கோப்பு பெரிதாகிவிடும். விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு தனிநபருக்கு இலவசம்.

லாசரஸைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். பாஸ்கல் மொழிக்கான ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரின் மேல் கட்டிய, திரையை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் கருவி அது, அதே பாஸ்கல் வழியில் வந்த டெல்ஃபி தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். 1999இல் தொடங்கிய வேலை, 1.0 பதிப்பு 2012இல் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் நேரடி மெஷின் கோடாகக் கட்டும், கூட எதையும் நிறுவ வேண்டியதில்லை, பிழை தேட உதவும் டீபக் விவரங்களை நீக்கிக் கட்டினால் கோப்பு சில எம்பிதான். 2 ஜிபி கணினியில் சொடுக்கிய உடனே திறக்கும். பாஸ்கல் படித்தால் வேலை கிடைக்காது என்று சொல்வார்கள், கம்பெனி வேலைக்கு அது உண்மைதான். இலைக் கொட்டகைக்கு எழுத அது குறையே இல்லை.

அலுவலகத்தில் விஷுவல் பேசிக் 6இல் எழுதிய பழைய சாஃப்ட்வேர் ஓடுகிறது. அதையே நீட்டிக்கொண்டு போகலாமா?

ஓடுவது ஓடட்டும். 1998இல் வந்தது, அதை எழுதும் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்துவிட்டது, ஆனால் ஓட்டுவதற்கான ரன்டைம் விண்டோஸ் 11 வரை வந்துகொண்டிருக்கிறது. அதனால் பதற வேண்டாம். ஆனால் புதிதாக எதையும் அதில் எழுத வேண்டாம், முக்கியக் காரணம் தமிழ். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் முறை யூனிகோட், அதன் சொந்த டெக்ஸ்ட் பாக்ஸ், லேபிள் எதுவும் அந்த யூனிகோட் தமிழைக் காட்டாது. அதனால்தான் அந்தக் காலத்து சாஃப்ட்வேர்களில் பாமினி போன்ற எழுத்துருக்களை வைத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டினார்கள். அந்த டேட்டாபேஸை வேறு எழுத்துருவில் திறந்தால் விவசாயியின் பெயர் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். புதிய சாஃப்ட்வேருக்கு மாறும்போது எல்லாப் பெயரையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், அதற்கு மாற்றிகள் உண்டு, ஆனாலும் மாற்றிய பட்டியலை அந்த ஊர்க்காரர் ஒருவரை வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அவரவர் பெயர் அது, பாஸ்புக்கில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

பைதானோடு டிகின்டர் இலவசமாகவே வருகிறதே, போதாதா?

கற்றுக்கொள்ளப் போதும், நல்ல தொடக்கம். பத்து வரியில் ஒரு திரை வந்துவிடும். ஆனால் தமிழில் காட்டப்போகிறீர்கள் என்றால் கவனம் தேவை. டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே லைப்ரரியில் இப்போது பெரும்பாலும் புழங்கும் 8.6 பதிப்பு, லினக்ஸில் எழுத்துகளை இணைத்து வடிவமைப்பதில்லை. "கொழுந்து" என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் இடம் மாறி நிற்கும். விண்டோஸில் விண்டோஸே அந்த வேலையைச் செய்து கொடுப்பதால் படிக்கும்படி இருக்கும். உங்கள் கணினியில் நன்றாகத் தெரிந்து, கல்லூரி லேபின் லினக்ஸில் உடைந்து தெரிகிறதே என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் தமிழுக்கு எந்தக் கருவி சரி? எதைச் சோதித்துப் பார்ப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

காட்டுவது என்ற அளவில் கியூட், ஜிடிகே (லினக்ஸில் அதிகம் புழங்கும் திரைக் கருவி), விண்டோஸ் ஃபார்ம்ஸ், விண்டோஸில் லாசரஸ், பிரவுசர் எஞ்சின் வைத்து ஓடும் எல்லாம் சரியாகவே காட்டும். கியூட்டும் ஜிடிகேயும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு லைப்ரரியை நம்பியிருக்கின்றன, அது தமிழை நன்றாகவே கையாளும். ஆனால் காட்டுவதோடு வேலை முடியவில்லை.

முதலில் எழுத்துரு. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ இருக்கிறது, விண்டோஸ் 7இல் அது கிடையாது, லதா இருக்கும். விண்டோஸ் 10இல் லதா தானாக வராது, கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்பாகத் தனியே சேர்க்க வேண்டும். அதனால் கணினியில் இருப்பதை நம்பாமல் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை சாஃப்ட்வேருடனேயே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து நீளம். "தேயிலை" என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. பைதானைக் கேட்டால் ஆறு என்று சொல்லும், த, ஏகாரக் கொம்பு, ய, இகரச் சுழி, ல, ஐகாரக் கொம்பு என்று ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுவதால். பெயருக்கு இருபது எழுத்துதான் என்று கட்டம் கட்டினால் நீளமான பெயர் பாதியில் அறுந்து, புள்ளி இல்லாமலோ கொம்பு இல்லாமலோ பில்லில் வரும்.

மூன்றாவது அகர வரிசை, பலரும் கவனிக்காமல் விடுவது. பெயர்ப் பட்டியலைச் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் யூனிகோட் எண் வரிசையில் போடும். அந்த வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தே வந்துவிடும், ற-வும் ர-வுக்கு அடுத்தே வந்துவிடும். அதனால் கனகா முதலில் வந்து கமலா பின்னால் போவார். நம் அகராதிப்படி ம முன்னால், ன கடைசி, ஆகவே கமலாதான் முதலில். காகிதப் பேரேட்டில் முப்பது வருஷம் பழகிய கணக்கர் கமலாவை மேலே தேடிப் பார்த்துவிட்டு "பேர் இல்லை" என்று இன்னொரு தடவை பதிந்துவிடுவார், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. ஐசியு என்ற லைப்ரரியின் தமிழ் வரிசை இதைச் சரிசெய்யும், கியூட்டில் கியூகொலேட்டர் என்ற வகுப்பு இருக்கிறது, கட்டாயம் சோதியுங்கள்.

நான்காவது தேடல். "கொ" என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்றுக்கு மற்றது கிடைக்காது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் யூனிகோட் நார்மலைசேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் "கௌரி" என்பதை கெ, ள, ரி என்று தட்டியவர்களை அது காப்பாற்றாது, அதற்கு நீங்களே ஒரு சோதனை எழுத வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இப்படி ஒரு சின்னத் திரை செய்து பாருங்கள்: ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், ஒரு பட்டியல். கோத்தகிரி, கொழுந்து, கௌரி, ஸ்ரீ, கமலா, கனகா ஆறையும் தட்டி, அழித்து, தேடி, வரிசைப்படுத்துங்கள். பேக்ஸ்பேஸ் அழுத்தும்போதும் அம்புக்குறியில் நகரும்போதும் கர்சர் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

எலக்ட்ரான் எப்படி? ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்ததை வைத்து எழுதுவது தப்பில்லை. எலக்ட்ரான், வெப்சைட் எழுதும் மொழிகளிலேயே டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுத வைக்கும் கருவி, 2013இல் கிட்ஹப் நிறுவனத்தில் ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்தது, உலகமெங்கும் ஓடும் விஎஸ் கோட் எடிட்டரும் அதில் எழுதியதுதான், தமிழும் அதில் பழுதில்லாமல் தெரியும். ஆனால் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்குள்ளும் ஒரு முழு குரோமியம் பிரவுசரும், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோடும் போகின்றன. காலித் திரைக்கே 100 எம்பிக்கு மேல் ரேம் எடுக்கும். நான் ஒருமுறை என் 16 ஜிபி லேப்டாப்பில் அழகாக ஓடியதை நம்பி ஒரு மண்டிக்குக் கொண்டுபோனேன். அங்கே 2 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க், திரை வருவதற்குள் லாரிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே லாசரஸில் திரும்ப எழுதிக் கொடுத்தேன். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கும் லாட்ஜ் ரிசப்ஷனுக்கு எலக்ட்ரான் தாராளமாகச் சரி.

இதே மாதிரி டாவ்ரி என்று ஒன்று, 1.0 பதிப்பு 2022இல் வந்தது. பிரவுசரைக் கூடவே கொண்டுபோகாமல், கணினியில் ஏற்கெனவே இருக்கும், வெப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூவைப் பயன்படுத்தும், பின்னணி ரஸ்ட் மொழி. கோப்பு மிகச் சின்னது. விண்டோஸ் 11இல் அதன் வெப்வியூவான வெப்வியூ2 கூடவே வரும். பழைய விண்டோஸில் இல்லாமல் போனால் இன்ஸ்டாலர் அதை நெட்டிலிருந்து இறக்கப் பார்க்கும், நெட் இல்லாத இடத்துக்குப் போகும்போது ஆஃப்லைன் இன்ஸ்டாலராகக் கட்டி எடுத்துப் போங்கள்.

ஜாவா? ஃப்ளட்டர்? ஜிடிகே?

ஜாவாவின் பழைய திரைக் கருவியான ஸ்விங் இன்றும் ஓடும், வங்கிகளிலும் கல்லூரிகளிலும் நிறைய இருக்கிறது. அதற்குப் பின் வந்த ஜாவாஎஃப்எக்ஸ் 2018இல் ஜாவா 11 வந்தபோது, ஜாவா எழுதுவதற்கான தொகுப்பான ஜேடிகேயிலிருந்து பிரிந்துவிட்டது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரே கோடில் மொபைலுக்கும் கணினிக்கும் எழுதும் ஃப்ளட்டரில் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆதரவு 2022இல் நிலைபெற்றது, மொபைல் ஆப்பும் சேர்த்துச் செய்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம். ஜிடிகே, லினக்ஸின் க்நோம் என்ற டெஸ்க்டாப்புக்கே எழுதுபவர்களுக்கு அருமையானது, விண்டோஸுக்கு அதைக் கொண்டுபோவது சிரமம்.

தராசிலிருந்து எடையைப் படிக்கும்போது திரை உறைந்துபோகிறது. கருவியின் குறையா?

இல்லை, எந்தக் கருவியிலும் இது நடக்கும். திரை உள்ள எந்தப் புரோகிராமும் ஒரு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. விசை அழுத்தினார்களா, மவுஸ் நகர்ந்ததா, திரையைத் திரும்ப வரைய வேண்டுமா என்று பார்த்து ஒவ்வொன்றாகச் செய்யும். இவென்ட் லூப் என்பது இதுதான். நீங்கள் பட்டனுக்குள்ளேயே "தராசு எடை அனுப்பும் வரை காத்திரு" என்று எழுதினால் வட்டம் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸ் ஐந்து விநாடி பார்த்துவிட்டு "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடும்.

காத்திருக்கும் வேலையை வேறு த்ரெட்டுக்கு (அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டம்) அனுப்புங்கள், அல்லது டேட்டா வந்ததும் தகவல் சொல்லும் வசதியைப் பயன்படுத்துங்கள். கியூட்டில் கியூசீரியல்போர்ட், டாட்நெட்டில் சீரியல்போர்ட் இரண்டிலும் அது உண்டு, பைதானில் பைசீரியலைத் தனி த்ரெட்டில் ஓட்டலாம். ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது, அந்தத் த்ரெட்டிலிருந்து நேராக லேபிளைத் தொடக்கூடாது. கியூட்டில் சிக்னல் அனுப்புங்கள், விண்டோஸ் ஃபார்ம்ஸில் இன்வோக் பயன்படுத்துங்கள். தொட்டால் பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுப் பதினோராம் நாள் காரணம் தெரியாமல் விழும்.

தராசைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெரும்பாலானவை சீரியல் கேபிளில் விடாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும், வேகம் விநாடிக்கு 1200லிருந்து 9600 பிட் வரை எதுவாகவும் இருக்கலாம், தராசின் கையேட்டில் போட்டிருக்கும். பல தராசுகள் எடை நிலைத்ததா ஆடுகிறதா என்பதையும் ஒரு குறியாகச் சேர்த்து அனுப்பும். நிலைத்த எடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூட்டை ஆடும்போது எடுத்தால் விவசாயிக்கோ வாங்குபவருக்கோ நஷ்டம். யுஎஸ்பி மாற்றியை வேறு ஓட்டையில் செருகினால் போர்ட் எண் மாறிவிடும், அதனால் எண்ணைக் கோடில் எழுதிவிடாமல் செட்டிங்கில் வையுங்கள்.

கணக்கு: எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணாகச் சேமியுங்கள். தசம எண்ணில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று சொல்லும். 37.5 கிலோ வந்து ஈரத்துக்கு 1.5 கிலோ கழித்து, கிலோ 21.35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 36000 கிராம், 2135 பைசா, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 76860 பைசா, அதாவது 768.60 ரூபாய். ஈரக்கழிவு எவ்வளவு என்பதும் பில்லில் தனி வரியாக இருக்கட்டும். மழை நாளில் தகராறு வருவது அந்த ஒரு வரிக்காகத்தான்.

பில் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால்?

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் எழுதுங்கள். 2000இலிருந்து இருக்கிறது, இலவசம், ஒரே கோப்பு, சர்வர் வேண்டாம், மேலே சொன்ன எல்லாக் கருவியிலும் அதற்கு வழி உண்டு. ஒரு பில்லின் எல்லா வரிகளையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் எழுதுங்கள், அப்போது கரண்ட் போனாலும் முழு பில்லும் இருக்கும், அல்லது முழுதும் இருக்காது, பாதி பில் என்ற நிலை வராது. அந்தக் கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு மூன்று கணினியிலிருந்து எழுத வேண்டாம், கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். பல கணினி என்றால் போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் டேட்டாபேஸுக்குப் போங்கள். தினமும் மூடும்போது ஒரு பிரதி பென் டிரைவுக்குத் தானாகப் போக வேண்டும், கேட்டுவிட்டுப் போகக்கூடாது, கேட்டால் "இல்லை" என்றுதான் அழுத்துவார்கள்.

கியூட் இலவசமா, காசா?

சாஃப்ட்வேரை விற்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கியூட் மூன்று விதமாகக் கிடைக்கிறது: ஜிபிஎல் (இலவச உரிமம், ஆனால் சாஃப்ட்வேரை வாங்குபவருக்கு மூலக்கோடும் போக வேண்டும்), எல்ஜிபிஎல் (அதன் தளர்ந்த வடிவம்), காசு கொடுத்து வாங்கும் உரிமம். எல்ஜிபிஎல்லில், லைப்ரரியைத் தனிக் கோப்பாகவே விட்டு, பயனர் அதை மாற்றிக்கொள்ள வழி வைத்து, உரிம விவரத்தையும் கூடக் கொடுத்தால், உங்கள் கோடை மூடி வைத்துக்கொண்டே விற்கலாம். ஆனால் கியூட்டின் சில பகுதிகள் ஜிபிஎல்லிலும் காசுக்கும் மட்டுமே கிடைக்கின்றன, எடுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். பைதானில் பைசைடு எல்ஜிபிஎல்லில் கிடைக்கிறது, கியூட்டைப் பைதானில் பயன்படுத்தும் இன்னொரு வழியான பைக்யூட் ஜிபிஎல் அல்லது காசு. பைக்யூட்டின் ஜிபிஎல் பதிப்பை வைத்து எழுதி ஒருவருக்குக் கொடுத்தால் அவருக்கு மூலக்கோடைப் பெறும் உரிமையும் சேர்ந்தே போகிறது. எழுதும் முறை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் புதிதாகத் தொடங்குபவருக்குப் பைசைடு என்றுதான் சொல்வேன்.

விண்டோஸ் 7 கணினிகள் இன்னும் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கியூட் 6 விண்டோஸ் 7இல் ஓடாது, கியூட் 5.15 ஓடும். பைதான் 3.8தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு. எலக்ட்ரான் 22 கடைசி. நெட்டில் இணைக்காமல், தராசுக்கு மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் ஓடட்டும். நெட்டில் இணைத்து அதிலேயே பேங்க் வேலையும் பார்க்கிறார்கள் என்றால் கணினியை மாற்றச் சொல்லுங்கள், சாஃப்ட்வேர் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது சொல்லுங்கள்.

டிசைனரில் இழுத்துப் போடுவதா, கோடில் எழுதுவதா?

எது வேண்டுமானாலும், ஆனால் எழுத்தின் அளவுக்கு ஏற்பத் தானாக இடம் ஒதுக்கும் லேஅவுட் வைத்து எழுதுங்கள். பட்டனை இந்த இடம், இந்த உயரம் என்று ஆணி அடித்தது மாதிரி வைத்தால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்தில் தமிழ் போடும்போது மேலே இகரச் சுழியும் கீழே உகரக் காலும் வெட்டுப்படும். "மொத்த எடை" என்பதில் ஒன்றும் தெரியாது, "கிலோ", "தூள்" என்று வரும்போதுதான் தெரியும். வயதானவர்கள் விண்டோஸில் எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அதிலும் ஒருமுறை பாருங்கள்.

தமிழில் பில் அடிக்க முடியுமா?

முடியும். டாட் மேட்ரிக்ஸிலும் சின்னத் தெர்மல் பிரின்டரிலும் பொதுவாகத் தமிழ் எழுத்துரு உள்ளே இருக்காது. ஆகவே பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். தெர்மலில் வேகம் தெரியாது, டாட் மேட்ரிக்ஸில் நிதானமாகத்தான் அடிக்கும். நான் பெயரையும் தலைப்பையும் மட்டும் படமாக அனுப்பி, எண்களைப் பிரின்டரின் சொந்த எழுத்திலேயே விட்டுவிடுகிறேன். தொகை லட்சத்தைத் தாண்டினால் 1,25,000 என்று நம் முறையில் காற்புள்ளி விழுகிறதா என்றும் பாருங்கள்.

எழுதி முடித்ததை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?

பைதான் என்றால், புரோகிராமையும் பைதானையும் சேர்த்துக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர். ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்கும், பழைய டிஸ்க்கில் நேரமாகும். ஃபோல்டராகக் கட்டி, இன்னோ செட்டப்பில் இன்ஸ்டாலர் செய்துகொள்ளுங்கள், ஆன்டிவைரஸ் வீணாகச் சந்தேகப்படுவதும் அப்போது குறைகிறது. விண்டோஸுக்கானதை விண்டோஸிலேயே கட்ட வேண்டும், லினக்ஸிலிருந்து கட்ட முடியாது. போகும் முன் நெட்டை அணைத்து, எதுவும் நிறுவாத ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். மஞ்சூர் வரை பஸ்ஸில் போய் இறங்கிய பிறகு புரோகிராமுக்கு வேண்டிய ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று தெரிந்தால் அன்றைய நாள் போயிற்று.

நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், பழைய லேப்டாப்தான் இருக்கிறது. எதில் தொடங்க?

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும். பைதானும் டிகின்டரும் போட்டு ஒரு வாரம் பழகுங்கள், பிறகு அதே திரையை லாசரஸில் ஒருமுறை செய்யுங்கள், லேப்டாப்பில் 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் பைசைடிலும் ஒருமுறை. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ இலை போட்ட சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பெயர், எடை, கழிவு, விலை, முன்பணம், பாக்கி, இத்தனையும் அந்தச் சின்னக் காகிதத்தில் இருக்கும். அதைத் திரையில் கொண்டுவந்து, மாதக் கடைசியில் கூட்டிக் காட்டி, சீட்டைக் கொடுத்தவரிடமே காட்டுங்கள். கூட்டல் தப்பினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார், பாக்கி எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம்.